கம்பு மணி கனம் குறைந்த சிலிண்டர்

முகம் பார்க்கிற கைக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, ஸ்கூட்டர் சிலிண்டரின் புகைத் துவாரத்துக்குள் அடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு உள்ளே பார்க்கிறேன். கரி வாசனையும் பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற விளக்கெண்ணெய் வாசனையும் கலந்து மூக்கில் ஏறுகின்றன. என் வீட்டுக்காரர் ஞானமுத்து கையில் அரத்தோடு எதிரே குந்தியிருக்கிறார்.

"பாத்தாச்சா? தள்ளு. ஓட்டையை ரெண்டு இழு இழுத்துப் பெருசாக்கிட்டா சரியாப் போகும்" என்கிறார்.

"கொஞ்சம் இருங்க. உள்ள பிஸ்டன் தலையை நீட்டிக்கிட்டு நிக்குது."

"அது அப்படித்தான் நிக்கும்."

"எப்படித்தான்?"

அரத்தைக் கை மாற்றிப் பிடித்தார். பாளையம்பட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில், ஒரு சனிக்கிழமை உச்சி வெயில் அது. திங்கட்கிழமை மணி அடிப்பதற்குள் நான் பள்ளிக்கூடத்தில் நிற்காவிட்டால் என் டீச்சர் வேலை போய்விடும். அந்த வேலை இந்தத் துவாரத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது.

போன வாரம் என் கல்யாணச் சாப்பாட்டில் உப்புக் குறைந்த கதையை எழுதியதும், தங்கை மகள், "பெரியம்மா, ஸ்கூட்டர் கதையை எப்ப எழுதுவீக?" என்று கேட்டாள். ஸ்கூட்டர் கதை என்றால் அவளுக்கு நானும் இவரும் ஊர் சுற்றிய கதை. சுற்றியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததுதான் கதை.

காலும் கரி பஸ்ஸும்

என் இடது கால் வலது காலைவிடக் குட்டை. சின்ன வயசுக் காய்ச்சலில் வந்தது. அருப்புக்கோட்டையில் செருப்புத் தைக்கிற ஒருவர் இடது செருப்புக்கு அடியில் தோல் மேல் தோலாக வைத்துத் தைத்துக் கொடுப்பார். அதைப் போட்டுக்கொண்டால் ஊருக்குள் நன்றாகவே நடப்பேன். மணலில் மட்டும் முடியாது. தடித்த அடி மணலில் புதைந்து ஆளையே சாய்த்துவிடும்.

'பாவம்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

பள்ளிக்கூடம் திருச்சுழி சாலையிலிருந்து வண்டிப்பாதையில் உள்ளே போக வேண்டிய ஒரு கிராமத்தில் இருந்தது. வேதக்கோயிலை ஒட்டிய இரண்டு அறைகள். கல்யாணத்துக்கு முன்பு அந்த ஊரிலேயே சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன், தொல்லையில்லை. கல்யாணமானதும் பாளையம்பட்டிக்கு வந்துவிட்டேன். இவருக்கு டவுனில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை.

உலகச் சண்டை முடிந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தாலும் பஸ் இன்னும் கரி வாயுவில்தான் ஓடியது. பின்பக்கம் ஒரு கொதிகலனைக் கட்டிக்கொண்டு, கண்டக்டர் இறங்கி விசிறியைச் சுற்ற, அது மூச்சுப் பிடித்துக் கிளம்புவதற்குள் பாதிக் காலை போய்விடும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். நான் இறங்க வேண்டியதில்லை என்பார்கள், அந்த ஒரு சலுகை மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

பஸ்ஸில் போனால் பள்ளிக்கூடத்துக்குத் தாமதம் நிச்சயம். அதுவும் தினம்.

பள்ளிக்கூட மேனேஜர் தாவீது அய்யா. அந்த ஊரில் கிணறும் தோட்டமும் உள்ளவர், சபை மூப்பர், வேஷ்டியில் ஒரு கறை பார்க்க முடியாது. தாமதத்தைப் பற்றி இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை, "திங்கக்கிழமையில இருந்து மணிக்கு முன்னாடி நிக்கணும் டீச்சர். இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்றார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை, காலடியில் இருந்தது. தாமதம் மட்டும்தான் அவருக்குக் குறை என்று நான் நம்பவில்லை.

குட்டி வண்டி

ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற ஒருவரிடம், இவர் கல்யாணத்துக்கு முன்பே ஒரு குட்டி ஸ்கூட்டரை வாங்கிப் போட்டிருந்தார். ஆகாயவிமானத்திலிருந்து குடையில் கட்டி இறக்குகிற வண்டி என்று விற்றவர் சொன்னாராம். பார்த்தால் நம்பலாம்போல்தான் இருந்தது. சின்னச் சக்கரம், மடக்குகிற கைப்பிடி, காலுக்கு நடுவே ஒரு டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்.

ஒரு ஆளை இழுக்கும். பின்னால் இரும்புப் பட்டை அடித்து எனக்கு ஒரு இருக்கை வைத்த பிறகு, சாலையில் முக்கி முனகிப் போகும். வண்டிப்பாதையில் ஓடை மணல் வந்ததும் நின்றுவிடும். இவர் உருட்டிக்கொண்டு போக, நான் மணலில் புதைந்து புதைந்து நடந்து, கரை ஏறுவதற்குள் மணி அடித்துவிடும். பஸ்ஸே தேவலை என்று ஆகிவிட்டது.

"இன்ஜினுக்குப் பலம் பத்தலை. பெரிய சிலிண்டர் கிடைச்சா மாட்டிறலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

கிடைத்தது பள்ளிக்கூடத்தை ஒட்டிய கோயிலில்.

அறுப்பின் பண்டிகையில் ஒரு சிலிண்டர்

அறுப்பின் பண்டிகை அன்று சபையார் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். கம்பு, பருத்தி, வத்தல், பூசணி, காலைக் கட்டின சேவல். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். ஏலத்தில் எடுத்ததையே திரும்பக் காணிக்கையாக வைத்து மறுபடி ஏலம் விடுவதும் உண்டு. ஒரே முட்டை நாலைந்து கை மாறி, கடைசியில் அதை எடுத்தவர் உடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் மழை இல்லை. காணிக்கை மேசை பாதி காலியாக இருந்தது. தாவீது அய்யா தோட்டத்திலும் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு வர அவருக்கு மனம் ஒப்பவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்க அதே ராணுவ ஏலத்தில் அவர் வாங்கிய ஒரு சின்ன பம்பு இன்ஜின் சுழல் தண்டு முறிந்து ஓடாமல் கிடந்தது. அதிலிருந்து சிலிண்டரையும் பிஸ்டனையும் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, வெள்ளித் தம்ளர் மாதிரி பளபளவென்று கொண்டுவந்து பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

ஜனங்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. "இதுல இஞ்சி இடிக்கலாமா?" என்று ஒரு அக்கா கேட்டார். ஞானமுத்து மட்டும் எழுந்து நின்றுவிட்டார். எங்கள் ஸ்கூட்டர் இன்ஜினைச் செய்த அதே கம்பெனி, அதே அச்சு, வாய் மட்டும் அகலம். இஞ்சி இடிக்க நினைத்த அக்காவோடு போட்டி போட்டு ஏலத்தில் எடுத்தார். வீட்டுக்கு வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். அவ்வளவு பிரியமாக என்னைக்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லிக் கிண்டல் செய்தேன்.

பலமா, பலவீனமா

மாட்டினார். கிக்கரை உதைத்தால் பழைய இன்ஜினைவிட இரண்டு மடங்கு இறுக்கம். திருப்பிக் காலை உதைத்தது.

"பாத்தியா, என்ன பலம்" என்றார் முழங்காலைத் தடவிக்கொண்டே.

பலம் எல்லாம் உதைப்பதில்தான் இருந்தது. ஓட விட்டால் கொஞ்ச தூரம் போய் இருமியது. வேகம் கூட்டினால் ஏற மறுத்தது. கார்புரேட்டர் வழியாக உள்ளே போக வேண்டிய பெட்ரோல் திரும்பி வெளியே தெறித்து என் சேலைக் கரையெல்லாம் நனைந்தது. பெட்ரோலே கூப்பனுக்குக் கிடைக்கிற காலம், அது என் சேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓடை வரைக்கும்கூடப் போகாமல் சூடேறி நின்றுவிட்டது.

பெட்ரோலில் தண்ணீர் என்றார். வடிகட்டினார். பிளக் சரியில்லை என்றார். மாற்றினார். கடைசியாக, புகை வெளியே போகிற துவாரம் சின்னது, அரத்தால் பெரிசாக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

"ராவிட்டு, தப்புன்னு தெரிஞ்சா?"

"தப்பா இருக்காது."

"இருந்தா?"

"இன்னொரு சிலிண்டருக்கு அடுத்த அறுப்பின் பண்டிகை வரைக்கும் காத்திருக்கணும்" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அப்படித்தான் கண்ணாடியைக் கையில் எடுத்தேன். எனக்கு இன்ஜின் தெரியாது. ஆனால் எதையும் பார்க்காமல் ராவுவது எனக்கு ஆகாது. "இது எப்படி மூச்சு விடுதுன்னு முதல்ல சொல்லுங்க" என்றேன்.

சலித்துக்கொண்டாலும் சொன்னார். இந்த வகை இன்ஜினில் தனியாகக் கதவு கிடையாதாம். சிலிண்டரின் பக்கச் சுவரில் ஓட்டைகள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே ஓட்டைகளை மூடும், அதுவே திறக்கும். கீழே இறங்கும்போது முதலில் புகை போகிற ஓட்டை திறக்கும், பிறகு புதுப் பெட்ரோல் காற்று உள்ளே வருகிற ஓட்டை. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் அடி விளிம்பு கார்புரேட்டர் ஓட்டையைத் திறந்துவிடும்.

"அப்ப எது எப்பத் திறக்கும்னு யார் சொல்றது?"

"யாரும் சொல்றதில்லை. ஓட்டை சுவத்துல எவ்வளவு உசரத்துல இருக்கோ, அதுதான் நேரம்."

இந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. உயரம்தான் நேரம். கடிகாரமே இல்லாமல் ஒரு இன்ஜின் நேரம் பார்க்கிறது என்பதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வகுப்பு என்று ஒன்று எனக்கு இருந்தால்.

"பிஸ்டன் அடி மட்டத்துக்கு வந்ததும் புகை ஓட்டை முழுசாத் திறக்கணுமா?"

"ஆமா, முழுசா."

"திறக்கலையே. பிஸ்டன் தலை ஓட்டையோட கீழ் விளிம்புக்கு மேல நிக்குது. பாதிக் கதவு சாத்துன மாதிரி."

அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"பிஸ்டன் இதோடயே வந்த ஜோடிதான். பிஸ்டனைத் தாங்குற கம்பியும் அதே அளவுதான். அப்ப சிலிண்டர்தான் கீழே உக்காந்திருக்கு."

"குட்டையா இருக்கு" என்றேன்.

"கம்பெனிக்காரன் குட்டையாச் செய்ய மாட்டான்."

"கம்பெனிக்குப் பிறகு யாராச்சும் செஞ்சிருக்கலாம்ல?"

குட்டையான ஒன்றை அடையாளம் காணவும், அதற்கு அடியில் என்ன வைக்கலாம் என்று யோசிக்கவும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இவர் ஃபிட்டர். இதன் இயல்பே இப்படித்தானா, யாராவது கை வைத்தார்களா என்று தெரியாமல் அடியில் தகடு வைக்க மாட்டேன் என்றார். பம்பு இன்ஜின் மெதுவாக ஓடுவதற்கென்றே அப்படி அமைத்திருந்தால், தூக்கி வைத்ததும் அழுத்தம் குறைந்து ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடுமாம். கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். காணிக்கை வைத்தவர்.

என் வேலையை வைத்திருப்பவரும் அவர்தான். அவரிடம் போய், நீங்கள் ஆண்டவருக்கு வைத்ததில் குறை இருக்கிறது என்று எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை வாசலில்

மறுநாள் ஆராதனை முடிந்து தாவீது அய்யா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். இவர் எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றார்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும்."

"நாளைக்கு நேரத்துக்கு வருவியா, அதை முதல்ல சொல்லும்மா."

"அதுக்குத்தான் கேக்குறேன். நீங்க வச்ச சிலிண்டரோட அடிப்பக்கத்தை யாராச்சும் சீவுனாங்களா?"

அவர் முகம் சட்டென்று இறுகியது. "ஏன், என்ன குறை அதுல?"

"பாக்குறதுக்குக் குறை எதுவும் இல்லைங்கய்யா. அதான் சங்கடமா இருக்கு."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர் என்னை வேப்பமர நிழலுக்கு நகர்த்திக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அடி ஓரத்துல ஒரு உடைசல் இருந்துச்சு. நகக்கண்ணு அளவு. ஆண்டவருக்கு முன்னால மூளியான சாமானை வைக்க முடியுமா? டவுனுல லேத்துல குடுத்து, உடைசல் மறையிற வரைக்கும் சீவச் சொன்னேன். சுத்தமா வந்துச்சு."

"எவ்வளவு சீவுனாங்க?"

"ஒரு கம்பு மணி கனம் இருக்கும். அதனால என்ன?"

"அந்தக் கம்பு மணி அளவுக்கு எல்லா ஓட்டையும் கீழ இறங்கிருச்சுங்கய்யா. புகை நேரத்துக்கு வெளிய போகலை. வண்டி மூச்சு முட்டி நிக்குது."

அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கழுத்து சிவந்தது.

"அப்ப நான் வச்சது பழுதுங்கிறியா?"

பின்னால் இவர் இருமினார். பேசாமல் வா என்று அர்த்தம். நான் நிறுத்தவில்லை.

"நீங்க சீவுறதுக்கு முன்னாடி பழுது இல்லைங்கய்யா. உடைசலோட இருந்தப்ப அது ஒழுங்கா ஓடிருக்கும். அந்த மூளி வேலைக்குக் குறுக்க வரலை. பாக்குற கண்ணுக்குத்தான் குறுக்க வந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் எதைப் பற்றிப் பேசினேன் என்று எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். என் காலைப் பார்க்கவந்த கண்ணைப் பாதியில் திருப்பிக்கொண்டார்.

"நாளைக்கு மணி வழக்கம்போல அடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இவர், "வேலை போச்சு" என்றார். "போனா போகட்டும், சிலிண்டர் விஷயம் தெரிஞ்சுபோச்சுல்ல" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது.

தகடு

அன்று சாயங்காலம் ஒரு பழைய அலுமினியத் தட்டை வெட்டினோம். சிலிண்டர் அடி அளவுக்கு ஒரு வளையம், போல்ட்டுகளுக்குத் துளைகள். தட்டு ஒரு கம்பு மணி கனம் வரவில்லை. அதனால் இரண்டு வளையம் வெட்டி, நடுவில் நூல் பண்டல் அட்டையை எண்ணெயில் ஊறவைத்து இவர் செருகினார். அடுக்களையிலிருந்து நாலு கம்பு மணியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து அளந்தேன். மணிக்கு மணி கனம் வேறாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். கடைசியில் மணியை நம்பாமல் கண்ணாடியையே நம்பினோம். மாட்டுவது, பார்ப்பது, கழற்றுவது, ஒரு அட்டை கூட்டுவது.

வெயில் சாய்வதற்குள் பிஸ்டன் தலையும் துவாரத்தின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வந்தன. உள்ளே வெளிச்சம் தடையில்லாமல் போனது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இல்லை. உப்பு வேறு குறைவு.

கிக்கர் லேசாகிவிட்டது. இவர் முகம் வாடியது. "பலம் போயிருச்சு போல."

"உதைச்சுத்தான் பாருங்களேன்."

உதைத்தார். சத்தமே வேறாக இருந்தது. இருமல் இல்லை, தொடர்ச்சியான பேச்சு. கார்புரேட்டர் வாயில் கை வைத்துப் பார்த்தேன். ஈரம் தெறிக்கவில்லை, உள்ளங்கையை உறிஞ்சி இழுத்தது.

ஓடை

திங்கட்கிழமை காலை ஓடைக்கரைக்கு வந்ததும் இவர் வழக்கம்போல வேகத்தைக் குறைத்து, "இறங்கிக்கிறியா?" என்றார்.

"மாட்டேன்."

"நின்னுட்டா ரெண்டு பேரும் விழுவோம்."

"விழுவோம்."

மணலில் சக்கரம் நெளிந்தது. இன்ஜின் முனகியது, ஆனால் நிற்கவில்லை. பெரிய வேகமும் இல்லை, ஒரு மாட்டுவண்டி எங்களை முந்தியிருக்கலாம். அப்படியே உருண்டு எதிர்க்கரை ஏறிவிட்டது. இவர் தலையைத் திருப்பிச் சிரிக்கப் பார்த்தார். "ரோட்டைப் பாருங்க" என்றேன்.

பள்ளிக்கூட வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் தாவீது அய்யாவே இரும்புக் கம்பியோடு நின்றார். நான் இறங்கி, சேலையைத் தட்டி, உள்ளே போன பிறகுதான் மணி அடித்தார். பிறகு வெளியே போய்க் குனிந்து, சிலிண்டர் அடியில் பளிச்சென்று தெரிந்த அலுமினிய விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரிடம் ஏதோ கேட்டார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. நான் தினமும் மணிக்கு முன்பே வந்தேன். ஆனாலும் பயம் போகவில்லை. நேரத்துக்கு வருகிறவளை வேறு காரணம் சொல்லி அனுப்ப முடியாதா என்ன? மூப்பரின் காணிக்கையைக் குறை சொன்னவள் என்று ஊரில் ஒன்றிரண்டு பேர் பேசுவதாக வகுப்புப் பிள்ளை ஒன்றே என்னிடம் சொன்னது. அவருடைய உறவுப் பெண் ஒருத்தி பயிற்சி முடித்து வரப்போகிறாள் என்றும் காதில் விழுந்தது. இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். இவர் என் தட்டில் இருந்த கருவாட்டை எடுத்துச் சாப்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை. வகுப்பறை வாசல்படி ரொம்ப உயரம். பிள்ளைகள் தாவி ஏறிவிடும். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துத்தான் ஏறுவேன், எத்தனையோ நாளாக. அன்றைக்கு நிலையைப் பிடிக்கக் கையை நீட்டியபோது, படிக்குக் கீழே பாதி உயரத்தில் ஒரு கல் பதித்திருந்தது. சுண்ணாம்புக் காரை இன்னும் ஈரமாகவே இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. யார் கேட்டார்கள் இதை? திரும்பிப் பார்த்தேன். தாவீது அய்யா தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வெள்ளை வேஷ்டியில் முழங்கால் பக்கம் காரை அப்பியிருந்தது.

அனுப்பப்போகிற டீச்சருக்கு யாரும் கல் பதிக்க மாட்டார்கள். இடது காலை அதில் வைத்து, எதையும் பிடிக்காமல் உள்ளே ஏறினேன்.